கணினிக்கும் பிஎஸ்5-க்கும் ஒரே ஆர்கேட் ஸ்டிக் போதுமா?

கேள்வி:
ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமைக் கணினியிலும் தம்பியின் பிஎஸ்5-லும் (பிளேஸ்டேஷன் 5) ஆடுகிறேன். பேடில் (இரு கையாலும் பிடிக்கும் கண்ட்ரோலர்) ஒரு மணி நேரம் ஆடினால் இடது கட்டைவிரல் கொப்பளித்துவிடுகிறது. அதனால் கைப்பிடி லீவரும் பெரிய பட்டன்களும் உள்ள பெட்டியான ஆர்கேட் ஸ்டிக் பார்க்கிறேன். எய்ட்பிட்டூ (8BitDo) நிறுவனத்தின் ஸ்டிக் அழகாக இருக்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

பதில் 1:
கொஞ்சம் பொறுங்கள். அதுபோல நிண்டெண்டோ ஸ்விட்ச், கணினிக்கென்று வந்த ஸ்டிக்கை பிஎஸ்5 கண்டுகொள்ளாது. நானும் பெட்டியைப் படிக்காமல் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது. பிளேஸ்டேஷன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அதில் பெரும்பாலானவை கணினியிலும் ஓடும்.

அப்புறம், எடை. லேசான ஸ்டிக் மடியில் நிற்காது. லீவரைக் கால்பங்கு வட்டமாகச் சுற்றும்போது பெட்டியே சேர்ந்து சுற்றும். உள்ளே 30 மி.மீ. பட்டனும் சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவரும் பொருந்துமா என்று கேளுங்கள். இன்று மலிவான பாகத்தோடு வாங்கினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 2:
பழைய பிஎஸ்4 ஸ்டிக் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பிஎஸ்5-லும் அதை ஏற்கும். எல்லா ஆட்டமும் அப்படியல்ல.

பதில் 3:
விரல்தான் பிரச்சினை என்றால் லீவர் இல்லாத பெட்டியையும் பாருங்கள். திசைக்கும் பட்டன்தான், கட்டைவிரலுக்குக் குதிக்கும் பட்டனை அழுத்தும் வேலை மட்டும். முதல் இரண்டு வாரம் ஆட்டத்தில் ஆளை நடக்க வைக்கவே வராது, சொல்லிவிட்டேன்.

கேட்டவர்:
சரி, பழைய பிஎஸ்4 ஸ்டிக் தேடுகிறேன். தம்பியிடம் பாதிப் பணம் கேட்டிருக்கிறேன்.