‘100 ஆண்டுகளாக யாரும் எடுக்காத கருஞ்சிறுத்தை’: இந்தக் கதையை எப்போது விடுவார்கள்?

ஒளிவேட்டை, இரவு 9:10
நேற்று வாட்ஸப்பில் ஒரு பயண விளம்பரம் வந்தது. கென்யாவில் லைகிப்பியா, ஒன்பது நாள், ஆறே பேர், இரண்டு வண்டி, காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களுக்கு மட்டும். கருஞ்சிறுத்தை, கிரேவி வரிக்குதிரை, காட்டுநாய், உலகத்தில் மிஞ்சியிருக்கும் இரண்டே வட வெள்ளைக் காண்டாமிருகங்கள். இதுவரை எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘100 ஆண்டுகளாக யாரும் படமெடுக்காத ஆப்பிரிக்கக் கருஞ்சிறுத்தை, உங்கள் கேமராவில்’ என்று போட்டிருக்கிறார்கள்.

படித்ததும் வயிறு எரிந்தது. 2013-லேயே கென்யாவின் நேஷன் நாளிதழ் புகைப்படக்காரர் ஃபீபி ஓக்கால் அதே லைகிப்பியாவில் கருஞ்சிறுத்தையைப் படமெடுத்துவிட்டார். 2019-இல் உலகப் பத்திரிகைகள் ‘நூறு ஆண்டில் முதல்முறை’ என்று கொண்டாடியபோது அந்த நாளிதழே இதை எடுத்துக் காட்டியது. அதற்குப் பிறகும் இதே பொய்யைச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் வாங்குவது என்ன நியாயம்?

லென்ஸ் ராசா, இரவு 9:31
போன வருடம் இதே மாதிரி ஒரு குழுவில் போய் வந்தவன் நான். ஒரு வரிக்காக இத்தனை பெரிய பதிவா? 2019 பிப்ரவரியில் வில் பர்ரார்ட்-லூகாஸ் எடுத்த படங்கள் வெளிவந்தன. அதே சமயத்தில் நிக் பில்ஃபோல்டு என்ற ஆய்வாளரின் குழு, 1909-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் பதிவானதற்குப் பிறகு உறுதியான பதிவு இதுதான் என்று ஆய்விதழில் எழுதியது. 1909-க்கும் 2019-க்கும் நடுவில் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விளம்பரக்காரர் பத்து ஆண்டு குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒளிவேட்டை, இரவு 9:44
ஆய்வாளர் சொன்னது அறிவியல் பதிவு. விளம்பரம் சொல்வது ‘யாரும் படமெடுக்காத’. இரண்டும் ஒன்றா? 2013-இல் எடுத்த ஓக்கால் ‘யாரும்’ என்பதில் வர மாட்டாரா? அந்த ஊர்க்காரர், அந்த நாட்டு நாளிதழில் வேலை பார்த்தவர். அவர் எடுத்தால் கணக்கில்லை, வெளிநாட்டுக்காரர் எடுத்தால் வரலாறா?

லென்ஸ் ராசா, இரவு 9:50
நான் அப்படிச் சொல்லவில்லை. வார்த்தையை என் வாயில் திணிக்காதீர்கள்.

நைரோபித் தமிழன், இரவு 10:02
பதினாறு வருடமாக நைரோபியில் இருக்கிறேன். 2019-இல் இங்கே அலுவலகத்தில் எல்லோருக்கும் கோபம். லைகிப்பியாவில் மாடு மேய்ப்பவர்களுக்கும் பண்ணைக் காவலாளிகளுக்கும் அந்த விலங்கு புதிது இல்லை. அங்கே கருஞ்சிறுத்தை நடமாடுகிறது என்று வழிகாட்டிகளுக்கும் முகாம்காரர்களுக்கும் தெரிந்ததால்தான் பர்ரார்ட்-லூகாஸே அங்கே போனார். ஆனால் ஒன்று, அவரைக் குறை சொல்ல மாட்டேன். தரமான தானியங்கிக் கேமரா படம் என்ற அளவில்தான் அவர் முதல் என்றார். நூறு ஆண்டு என்று ஊதியது பத்திரிகைகள்.

ஒளிவேட்டை, இரவு 10:09
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஊதியது பத்திரிகை, இப்போது ஊதுவது பயணக்காரர்கள். 2013 என்ற எண் ஒரு விளம்பரத்திலும் வராது.

குறிஞ்சி, இரவு 10:20
ஒரு சந்தேகம். ‘அரிய’ என்று எதைச் சொல்கிறோம்? கருஞ்சிறுத்தை தனி இனமே இல்லை. சாதாரணச் சிறுத்தையின் நிற வேறுபாடுதான். கருமை ஒடுங்கு பண்பு, அதாவது பெற்றோரிடம் வெளியே தெரியாமல் மறைந்திருக்கக்கூடியது என்பதால் புள்ளிபோட்ட தாய்க்கே கறுப்புக் குட்டி பிறக்கலாம். பில்ஃபோல்டு குழு பார்த்த குட்டியின் தாயும் சாதாரண நிறம்தான். உலகச் சிறுத்தைகளில் நூற்றுக்குச் சுமார் 11 கறுப்பு என்று ஓர் ஆய்வு உண்டு. மலாய்த் தீபகற்பத்தில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. ஆப்பிரிக்காவில்தான் அந்த நிறம் அபூர்வம்.

அதே விளம்பரத்தில் இருக்கும் கிரேவி வரிக்குதிரை உண்மையிலேயே அருகிவரும் இனம். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 3,000-தான், பெரும்பாலும் வட கென்யாவில். அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே?

தேக்கடி தாத்தா, இரவு 10:33
முதலில் தமிழைச் சரியாக எழுதுங்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குச் சிவிங்கிப்புலி (ஆங்கிலத்தில் சீட்டா) வந்தபோது பாதிப் பத்திரிகைகள் ‘சிறுத்தை வந்தது’ என்று எழுதின. இன்றைக்கும் என் பேரன் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறான். நாற்பது வருடம் காட்டிலாகாவில் இருந்தவன் சொல்கிறேன், சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு.

மசினகுடி மைந்தன், இரவு 10:41
ஐயா, இங்கே யாரும் சிவிங்கிப்புலி பற்றிப் பேசவில்லையே. எல்லோரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

என் கேள்வி வேறு. நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீட்டு வாசலில் கருஞ்சிறுத்தை நடந்து போகிற சிசிடிவி காட்சி எத்தனை முறை செய்தியில் வந்தது? கபினியில் ஒரு கருஞ்சிறுத்தைக்காக நாடு முழுவதிலிருந்தும் வந்து காத்துக் கிடந்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு நாலரை லட்சம் கொடுத்துக் கென்யா போய்க் கறுப்புத்தோலைப் பார்க்க வேண்டுமா?

லென்ஸ் ராசா, இரவு 10:55
கபினியில் கிடைப்பது மரத்துக்கு நடுவில் ஒரு வால், ஒரு காது. சபாரி வண்டிக்கு நேரக்கட்டு, பாதையை விட்டு இறங்க முடியாது. கென்யாவிலும் தேசியப் பூங்காவுக்குள் அதே சட்டம்தான், இரவு வண்டி கிடையாது. ஆனால் லைகிப்பியாவில் இருப்பவை பெரும்பாலும் தனியார், சமூகக் காப்பகங்கள். இரவில் போகலாம், பாதையை விட்டு விலகலாம்.

எங்கள் வண்டியில் மூன்றே பேர், ஆளுக்கொரு வரிசை. இடம் வலம் இரண்டு பக்கமும் என்னுடையது. பீன் பையை விளிம்பில் போட்டு 400 மி.மீ. லென்சை வைத்துக்கொண்டு இரண்டு இரவு காத்திருந்தேன். மூன்றாம் நாள் விடியலில் பாறைமேல் வந்து உட்கார்ந்தாள். கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 6400. நிழலுக்குள்ளே ரோமத்தின் புள்ளிவட்டங்கள் தெரிந்தன. கை நடுங்கியது. அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும், வீட்டில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஒளிவேட்டை, இரவு 11:04
வீட்டில் உட்கார்ந்தா? ராசா, 2023-இல் என் சொந்தக் காசில் லைகிப்பியா போனவன் நான். ஐந்து இரவு, ஒரு முறைகூடக் கருஞ்சிறுத்தை வரவில்லை. கிடைத்தது 2017 நாய்க்காய்ச்சலில் கிட்டத்தட்ட அழிந்துபோய்த் திரும்பி வந்த காட்டுநாய்க் கூட்டம். அந்தப் படத்தை ‘100 ஆண்டில் முதல்’ என்று நான் எங்கும் போடவில்லை.

படம் எடுப்பதற்கு வாழ்த்து. ஆனால் நீங்கள் எடுத்தது வண்டிச் சத்தத்துக்குப் பழகிய சிறுத்தை. வழிகாட்டிகள் கிஸா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சுவாகிலியில் இருட்டு என்று பொருள். பெயர் வைத்து, நாளும் பொழுதும் பத்து கேமரா படமெடுக்கிற விலங்கை ‘யாரும் எடுக்காதது’ என்று விற்கிறார்கள். 2013 போகட்டும், 2019 போகட்டும். போன வாரம் எடுத்தவர்கள்கூட ‘யாரும்’ என்பதில் வர மாட்டார்களா?

லென்ஸ் ராசா, இரவு 11:10
பழகிய சிறுத்தை என்றால் கூண்டுச் சிறுத்தையா? அவள் தானே வேட்டையாடுகிறாள், தானே குட்டி போடுகிறாள். யாரும் இறைச்சி போடவில்லை. இப்படிப் பேசினால் மாசாய் மாராவில் எடுத்த ஒரு சிங்கப்படமும் காட்டுயிர்ப் படம் இல்லை.

குறிஞ்சி, இரவு 11:14
பழகியது என்பதற்கும் நாம் ஒரு வரையறை வைத்துக்கொண்டால் நல்லது. அந்த ‘அரிய’ பற்றியும்...

மசினகுடி மைந்தன், இரவு 11:17
இரவில் விளக்கு அடித்துத்தானே தேடினீர்கள்? வெள்ளை விளக்கா, சிவப்பு விளக்கா?

லென்ஸ் ராசா, இரவு 11:21
தேடும்போது சிவப்பு வடிப்பான் போட்ட விளக்கு. ஃபிளாஷ் கிடையாது. நான் எடுத்தது விடியலில்.

மசினகுடி மைந்தன், இரவு 11:25
தேடும்போது சிவப்பு. கண்டுபிடித்த பிறகு? உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் மலைக் கொரில்லா பார்க்கப் போனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், ஃபிளாஷ் கூடாது என்று தெளிவாக வைத்திருக்கிறார்கள். சிறு குழு என்றால் அது. ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஒரே சிறுத்தையை நான்கு முகாம் வண்டிகள் சூழ்ந்துகொண்டால் அது சிறு குழுவா?

லென்ஸ் ராசா, இரவு 11:33
நாங்கள் இருந்தபோது எங்கள் இரண்டு வண்டி மட்டும்தான். பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதாதீர்கள்.

ஒளிவேட்டை, இரவு 11:38
விளக்குக்கு அப்புறம் வருவோம். 2013 பற்றி ராசா இன்னும் பதில் சொல்லவில்லை.

நைரோபித் தமிழன், இரவு 11:46
இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த விளம்பரத்தில் எனக்கு உறுத்துவது காண்டாமிருகம். நஜின், ஃபட்டு, தாயும் மகளும். 2009 டிசம்பரில் செக் நாட்டு உயிரியல் பூங்காவிலிருந்து லைகிப்பியாவில் இருக்கும் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் இறந்துபோனது. இவை இரண்டும் ஆயுதக் காவலுக்குள் வேலியிட்ட இடத்தில் இருக்கின்றன. நானே மூன்று முறை போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்தது. ‘உங்கள் கேமராவில்’ என்று அவற்றைப் பட்டியலில் போட எப்படி மனம் வந்தது?

தேக்கடி தாத்தா, இரவு 11:52
இதுதான் பேச வேண்டிய விஷயம். கண்முன்னே ஓர் இனம் முடிகிறது.

லென்ஸ் ராசா, இரவு 11:58
அந்தக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நுழைவுக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. எங்களைப் போன்றவர்கள் போகாவிட்டால் காவலாளிக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

நைரோபித் தமிழன், நள்ளிரவு 12:06
கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளம்பரத்தின் மொழியைச் சொல்கிறேன்.

ஒளிவேட்டை, நள்ளிரவு 12:11
மொழி. அதே மொழிதான் ‘100 ஆண்டு’ என்பதும். ஒரு பொய்யை விட்டால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். 2013-ஐ மறைத்தவர்கள் வேலியையும் மறைப்பார்கள்.

புதுமுகம்77, நள்ளிரவு 12:15
அண்ணன்களுக்கு வணக்கம். நான் வருகிற ஆகஸ்டில் போகலாம் என்று இருக்கிறேன். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து லைகிப்பியாவுக்கு இறங்கும் ஊரான நன்யுகி போகும் சின்ன விமானத்தில் 15 கிலோதான், அதுவும் மெத்துப் பை மட்டும் என்கிறார்கள். 600 மி.மீ. லென்ஸ் எப்படிக் கொண்டுபோவது?

லென்ஸ் ராசா, நள்ளிரவு 12:19
தம்பி, துணியைக் குறை. லென்சையும் கேமராவையும் ஜாக்கெட் பைகளில் போட்டுக்கொண்டு ஏறு. இல்லையென்றால் கூடுதல் இருக்கைக்குக் காசு கட்டு. அப்புறம், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழை மறக்காதே. அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

நைரோபித் தமிழன், நள்ளிரவு 12:24
பிளாஸ்டிக் பையும் கொண்டுவராதே தம்பி. 2017 முதல் இங்கே தடை, அபராதம் கடுமை. லென்ஸ் சுற்றத் துணிப்பை போதும். சாலை வழியாகவும் நன்யுகி வரலாம், நாலைந்து மணி நேரம், எடைக்கட்டு கிடையாது.

ஒளிவேட்டை, நள்ளிரவு 12:27
தம்பி, போ, நன்றாகப் பார். ஆனால் பதிவு செய்யும்போது அந்த 100 ஆண்டு வரியை எடுக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போ.

லென்ஸ் ராசா, நள்ளிரவு 12:30
புதிதாக வருகிற பையனையும் விட மாட்டீர்களா? உங்களுக்கு ஐந்து இரவிலும் சிறுத்தை கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. இந்தப் பதிவு முழுவதும் அந்த வயிற்றெரிச்சல்தான்.

ஒளிவேட்டை, நள்ளிரவு 12:37
கிடைக்காதது எனக்கு வருத்தம்தான், ஒளிக்கவில்லையே. ஆனால் வால்பாறையில் இருவாச்சிக் கூட்டுக்குப் பத்தடியில் கூடாரம் போட்டுப் படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பியவர் எனக்கு நேர்மை சொல்லித்தர வேண்டாம். கூட்டுப்படம் கூடாது என்ற விதி அன்றைக்கும் இருந்தது.

லென்ஸ் ராசா, நள்ளிரவு 12:41
பத்தடியா? நாற்பது அடி! நாற்பது அடிக்கு மேலே! அன்றைக்கே அளந்து காட்டினேன். மூன்று வருடமாக இதையே சொல்கிறீர்கள்.

மசினகுடி மைந்தன், நள்ளிரவு 12:43
நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நாற்பது அடி மாதிரி இல்லை.

குறிஞ்சி, நள்ளிரவு 12:50
கிரேவி வரிக்குதிரை பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது. மெல்லிய கோடுகள், வெள்ளை வயிறு, பெரிய வட்டக் காது. நிதானமாக எடுத்தால் அத்தனை அழகான படம் வரும். வட கென்யாவின் சம்புருவில் பகலிலேயே எடுக்கலாம், விளக்கே வேண்டாம்.

தேக்கடி தாத்தா, நள்ளிரவு 12:58
நல்ல பதிவு மகளே. வரிக்குதிரை என்ற சொல்லிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு, காலையில் எழுதுகிறேன்.

ஒளிவேட்டை, நள்ளிரவு 1:05
காலையில் அந்த நிறுவனத்துக்கு நானே எழுதப் போகிறேன். 2013, ஃபீபி ஓக்கால், லைகிப்பியா. மூன்றே சொல். ராசா, உங்களுக்கு அங்கே பழக்கம் இருந்தால் நீங்களும் ஒரு வரி சொல்லுங்கள்.

லென்ஸ் ராசா, நள்ளிரவு 1:08
முதலில் அந்தப் பத்தடியைத் திரும்பப் பெறுங்கள்.