மறு: மட்டுறுத்தல் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு

அன்புடையீர், வணக்கம்.

மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மெயில்மேன் (Mailman) மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். நான் கேட்டது, குழுவுக்கு வரும் மடல்களைப் பார்த்து விடுவதா தடுப்பதா என்று முடிவுசெய்யும் 'மட்டுறுத்தல்' (moderation) பக்கத்தின் நான்கு பொத்தான்களுக்குச் சொல். நாமோ 'மட்டு' என்பதன் பொருளைத் தேடிப் புறநானூற்றின் 'மட்டுவாய் திறப்பவும்' அடியில் கள்சாடியைக் கண்டு, அங்கிருந்து மட்டக்களப்பு வரை போய்விட்டோம். பாரியின் பறம்பைப் பாடும் அடி எனக்கும் இனிக்கிறது, ஐயா. ஆனால் இங்கே வேண்டிய 'மட்டு' அளவைக் குறிப்பது. 'மட்டுமீறிய' என்று நாளும் சொல்கிறோமே, அது.

என் சிக்கல் வகுப்பில் தொடங்கியது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தன்னார்வலர்களுக்குப் பாடம் எடுக்கையில் 'மட்டுறுத்துநர்' என்று பலகையில் எழுதினேன். "மட்டம் தட்டுபவரா, மிஸ்?" என்று கேட்டாள் ஒரு பெண். இருபது ஆண்டுகளாக இணையத்தில் புழங்கும் சொல், புதிதாக வருபவருக்கு இப்படித்தான் கேட்கிறது. (நகரமா னகரமா என்ற சண்டை வேண்டாம்: 'ஓட்டுநர்' போல 'மட்டுறுத்துநர்'தான்.)

சென்னைத் தம்பி மாற்றாகச் சொன்ன 'நெறியாளர்' இங்கே நாடகத்தை நெறியாள்கை செய்பவர். 'தணிக்கை'யை நான் ஏற்கவே மாட்டேன். போர்க்காலச் செய்தித் தணிக்கையை மறக்காத ஊர் இது. 2018 மார்ச்சில், கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது, வெறுப்புப் பதிவுகள் நீக்கப்படாமல் பரவின. அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது. தன் பங்குக்கு ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கைகட்டி நிற்பதற்கும் கழுத்தை நெரிப்பதற்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஆகவே பொத்தான்களுக்கு வருகிறேன். நிறுத்திவைக்கப்பட்ட மடலைப் பிறகு பார்க்கலாம் என்று விடலாம், ஏற்கலாம், காரணம் எழுதி அனுப்பியவருக்கே திருப்பலாம், அவருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் அகற்றலாம். கடைசி இரண்டுக்கும் நம் வரைவில் 'நிராகரி' என்றே இருக்கிறது. இது பெரும் பிழை. முன்னதில் எழுதியவருக்கு மறுமொழி உண்டு, திருத்தி மீண்டும் அனுப்பலாம். பின்னதில் அவர் இருட்டில் காத்திருப்பார். 'ஒத்திவை', 'ஏற்றுக்கொள்', 'திருப்பியனுப்பு', 'களை' என்று வைப்போம். 'களை' என்றால் முகக்களை நினைவுக்கு வருகிறது என்கிறார் நம் குழுவின் அக்கா ஒருவர். வயலில் இறங்கியவருக்கு அந்த மயக்கம் வராது.

செயலுக்கு 'மட்டுறுத்தல்' என்றே பெரும்பாலோர் எழுதிவிட்டீர்கள். பணிந்து அதையே இடுகிறேன். ஆளுக்கு மட்டும் 'நடுவர்' வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையை இங்கே கிராமத்தவரும் அறிவர். மத்தியஸ்தருக்கு நேர்த்தமிழ் நடுவர்தான். பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்பவர், இவர் அப்படியல்லர் என்கிறீர்கள். ஒரு மடலைக் களைவது தீர்ப்பில்லையா? 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று வள்ளுவர் சொன்ன நடுவுநிலைமை அந்த இருக்கையில் இருப்பவருக்கு வேண்டாமா?

வியாழன் இரவு கோப்பை அனுப்புகிறேன். 'களை'க்கு எதிர்ப்பு இருந்தால் அதற்குள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.