கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் ஒரே சைலன்சர் போதுமா?

ஆஸ்டின்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே குடியிருக்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகுதான் துப்பாக்கி வாங்கத் தொடங்கினேன். இப்போது 9 மி.மீ. கிளாக் 19 கைத்துப்பாக்கி, 5.56 மி.மீ. ஏஆர்-15 ரைஃபிள், மான் வேட்டைக்கு, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் ஒரு .308 போல்ட் ஆக்‌ஷன், மகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க ஒரு .22 ரைஃபிள் என நான்கு என்னிடம் உள்ளன.

சென்ற குளிர்காலத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சுடுதளத்தில், காதடைப்பான் சற்று விலகியிருந்ததைக் கவனிக்காமல் நின்றிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் சுட்டுவிட்டார். அன்று இடது காதில் தொடங்கிய இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. இரவில் விளக்கை அணைத்ததும் சில்வண்டு கத்துவதுபோல் கேட்கிறது. அதே பாதிப்பு மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சைலன்சர் வாங்க எண்ணுகிறேன். நான்குக்கும் ஒன்றே போதுமா? கடைக்காரர் டெசிபல் எண் மிகக் குறைவாக உள்ளதைக் காட்டி, அதையே வாங்கச் சொல்கிறார். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா?

கடைசல்காரர்:

நண்பரே, காது இரைச்சலை மருத்துவரிடம் காட்டிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் கடைசல் பட்டறையில் குழல் முனைகளுக்கு மரை வெட்டும் தொழிலில் இருப்பவன். ஆகவே உலோகத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சைலன்சர் என்பது குழல் முனையில் பொருத்தும் ஓர் உருளை. அதற்குள் வரிசையாக நிற்கும் தடுப்புத் தட்டுகள், குண்டின் பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயுவைச் சற்று நேரம் பிடித்து வைத்து, விரிந்து குளிர்ந்த பிறகு வெளியே விடுகின்றன. அப்படியானால் எவ்வளவு அழுத்தத்தை அது தாங்கும், எவ்வளவு பெரிய குண்டு அதன் துளை வழியாகப் போகும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .308-இன் உச்ச அழுத்தமோ 62,000. கைத்துப்பாக்கிக்கென்று செய்த மெல்லிய அலுமினிய உருளையை .308-இல் மாட்டினால் அது வெடித்துவிடக்கூடும். மறுபுறம், .30 அங்குலக் குண்டுக்கான துளை கொண்ட ரைஃபிள் சைலன்சர் வழியாக 9 மி.மீ. குண்டு பாதுகாப்பாகப் போகாது. ஆனால் .30 துளை கொண்டதை 5.56-க்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். துளை சற்றே பெரிதாக இருப்பதால் ஓசை கொஞ்சம் கூடும், அவ்வளவே.

இரண்டுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவையும் உண்டு. சைலன்சர்கோ நிறுவனத்தின் ஹைப்ரிட் 46 அந்த வகை. ஆனால் .45 குண்டும் போகும்படி துளையை அகலமாக விட்டிருப்பதால், 5.56-இல் அதற்கென்றே செய்த சைலன்சர் அளவுக்கு அது ஓசையை அடக்காது. கைத்துப்பாக்கியில் மாட்டும்போது கனமாகவும் நீளமாகவும் தோன்றும்.

உங்கள் கிளாக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுடும்போது அதன் குழல் பின்னால் நகர்ந்து சாய்ந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். முனையில் முந்நூறு கிராம் எடை தொங்கினால் அந்த அசைவு தடைபடும். அதைச் சரிசெய்ய, நீல்சன் கருவி என்று சொல்லப்படும், சுருள்வில் வைத்த பிஸ்டன் ஒன்று சைலன்சரின் அடிப்பகுதியில் வேண்டும். நிலையான குழல் கொண்ட ரைஃபிளுக்கு மாற்றும்போது அந்தப் பிஸ்டனை அகற்றி, அசையாத மாட்டியைப் போட மறக்கக் கூடாது.

மரையிலும் கவனம் தேவை. கிளாக் நிறுவனமே தரும் மரையிட்ட குழல் எம்13.5×1 இடது மரை (13.5 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி). பிற நிறுவனங்களின் குழல்கள் பெரும்பாலும் 1/2×28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை). உங்கள் ஏஆர்-15-உம் அநேகமாக 1/2×28 ஆகவே இருக்கும்; .308-இல் 5/8×24. எந்தத் துப்பாக்கியானாலும் முதல் குண்டைச் சுடுவதற்கு முன், தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, நேர்கோட்டுச் சோதனைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். சைலன்சரின் முனைத் துளையில் அந்தக் கம்பி நடுவில் நிற்க வேண்டும். சுற்றிலும் தெரியும் இருண்ட வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல் மெலிந்திருந்தால் சுடாதீர்கள்; மரை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தலைமுடி அளவு கோணலே போதும், குண்டு தட்டில் உரசி முழுச் சைலன்சரையும் கிழித்துவிடும். அப்படிக் கிழிந்த ஒன்றை என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாழைப்பூ மடல் விரிந்ததுபோல் இருந்தது.

இடக்கைக்காரி:

ஆஸ்டின் அண்ணாவுக்கு வணக்கம். டெசிபல் எண்ணைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் மிக முக்கியமான கேள்வி. விளம்பரங்களில் வரும் எண் பெரும்பாலும் குழல் முனைக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியில் பதிவானது. உங்கள் காது அங்கே இல்லை. .308 போல்ட் ஆக்‌ஷனில் தோட்டா அறை மூடியே இருப்பதால் காதருகே கேட்பது முனையின் எண்ணைத் தாண்டாது. ஏஆர்-15-இல் அப்படியில்லை. சைலன்சர் பிடித்து வைக்கும் வாயு வந்த வழியே திரும்பி, காலித் தோட்டா வெளியேறும் வாயில் வழியாக முகத்தருகே வெடிப்போசையுடன் வெளியேறும். நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். அந்த வாயில் என் மூக்கின் கீழேயே திறக்கிறது. என் முதல் சைலன்சரை மாட்டி முப்பது குண்டு சுட்டு முடித்தபோது கண்கள் எரிந்து நீர் வழிந்தன. கன்னத்தைத் துடைத்த வெள்ளைக் கைக்குட்டையில் அடுப்புக்கரி போன்ற கறை படிந்தது. அந்தச் சைலன்சரின் விளம்பர எண் மிகவும் அழகான எண்.

பிறகு, வாயுவை முன்பக்கமாகவே தள்ளிவிடும் வகைக்கு மாறினேன்; ஹக்ஸ்வர்க்ஸ் நிறுவனத்தின் ஃப்ளோ 556கே அப்படிப்பட்டது. முனையில் ஓசை சற்றுக் கூடுதல்தான், ஆனால் என் காதிலும் கண்ணிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நீங்கள் வழக்கமான வகைச் சைலன்சரையே வாங்கினால், ஏஆர்-15-இல் வாயு அளவைக் குறைக்கும் திருகு வைத்த கேஸ் பிளாக்கை (குழலிலிருந்து வாயுவைத் திருப்பி விடும் பாகம்) பொருத்தலாம்.

ஓசையின் இன்னொரு பாதியை எந்தச் சைலன்சரும் தொடாது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு வழிநெடுகச் சாட்டையடி போல் வெடித்துக்கொண்டே போகும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. 9 மி.மீ.-இல் 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வழக்கமாக அதைத் தாண்டிவிடும். 147 கிரெய்ன் குண்டு தாண்டாது. ஆகவே கைத்துப்பாக்கிக்கு 147 வாங்குங்கள். 5.56-க்கும் .308 வேட்டைத் தோட்டாவுக்கும் அந்த வழி கிடையாது. சைலன்சர் மாட்டிய 5.56, காதருகே 140 டெசிபல் எனும் ஆபத்து எல்லையைச் சுற்றியே நிற்கிறது. கூரைக்கடியில் எதிரொலியும் சேரும். மகள் உடன் இருக்கும்போது, சைலன்சர் இருந்தாலும் இருவரும் காதடைப்பானைக் கழற்றவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கை:

.22-க்குத் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மேலுறை இல்லாத ஈயம். சில நூறு குண்டுகளிலேயே தட்டுகளில் ஈயமும் கரியும் சாம்பல் நிறக் காறையாக இறுகிவிடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். மூடிப் பற்றவைத்த ரைஃபிள் சைலன்சரில் அது முடியாது. சுரண்டும்போது கையுறை போடுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஈயம் கரைந்து தோல்வழி உடலில் ஏறும் நச்சாகிவிடுகிறது, அலுமினியத்தையும் அது அரித்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்குப் பூஜ்யம் ஆகிவிட்டது. ஆனால் படிவம் 4 எனும் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒப்புதல் வரும் வரை பொருள் கடையை விட்டு வெளியே வராது. கூட்டாட்சிச் சட்டத்தில் சைலன்சரே ஒரு துப்பாக்கியாகத்தான் கணக்கிடப்படுகிறது. எனவே இதைப் படிக்கும் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள், சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, தங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கவே தடை உண்டு என்பதை நினைவில் வைத்து, வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் தனியார் சைலன்சர் வைத்திருக்கவே அனுமதியில்லை. அங்குள்ள உறவினர் வீட்டுக்கு அதைக் காரில் எடுத்துச் செல்லாதீர்கள்.

ஆஸ்டின்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்குக்கும் ஒன்று என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். மகள் அதிகம் சுடுவது .22 என்பதால் அதற்குப் பிரித்துக் கழுவக்கூடிய ஒன்றை முதலில் வாங்குகிறேன், அடுத்து .308-க்கும் ஏஆர்-15-க்கும் பொதுவாக .30 துளை கொண்டது. கிளாக்குக்கு இப்போது வேண்டாம். கடைசல்காரர் ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம்: .308-இல் சைலன்சரை மாட்டினால் குறி மாறுமா?

கடைசல்காரர்:

மாறும். குழல் முனையில் எடை ஏறும்போது குழலின் அதிர்வு மாறுகிறது. நூறு கஜத்தில் குண்டு ஓர் அங்குலம், சில சமயம் இரண்டு அங்குலம் நகர்ந்து விழலாம். நல்ல மாட்டியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு நகரும். ஆகவே சைலன்சரோடு வேட்டைக்குப் போவதானால் சைலன்சரை மாட்டியே குறி சரிசெய்யுங்கள். பருவம் முடியும் வரை கழற்றாதீர்கள். நாலைந்து குண்டுக்கு ஒருமுறை அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். பத்துக் குண்டிலேயே தோசைக்கல் போல் சுடும்.