கிரேடிங்குக்குத் தமிழ்: தரமா, மாற்றா, மேனியா?

குழுமத்தார் எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எண் கொடுப்பதை 'கிரேடிங்' என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> கோட்டையூர் ஐயா: "கிரேடு என்றால் தரம். தரமிட்ட அட்டை, தரமிடாத அட்டை என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?"

ஐயா, நெல்லுக்கும் பருத்திக்கும் தரம் சரியான சொல். விளையாட்டு வீரர் அட்டைக்கு அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கி அட்டை சேர்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். 'தரமிடாத அட்டை' என்று நம் பட்டியலில் படித்தால், அதைத் தரமில்லாத அட்டை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கைக்காசுக்கு வாங்கத் தகுந்த நல்ல அட்டைகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

கிரேடிங்கில் நடப்பது என்ன? அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-ல் இந்த வேலையைத் தொடங்கியது. அட்டையை அனுப்பினால் நாலு விஷயம் பார்ப்பார்கள்: படம் ஓரங்களுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மூலைகள் மழுங்காமல் இருக்கின்றனவா, விளிம்பு உரிந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ கறையோ உண்டா. பிறகு 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். ஆடியவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர், அந்த அட்டை உலகில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணில் சேராது. அட்டையின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது மட்டுமே அதில் உண்டு.

ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்து வந்த தொகுதியைச் சேர்ந்தது. அதில் ஒரு பிரதி 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதற்குக் கிடைத்திருந்த எண் வெறும் 2. கோட்டையூர் ஐயாவின் சொல்லை வைத்து இந்தச் செய்தியை எழுதினால், 'இரண்டாம் தர அட்டை 72.5 லட்சம் டாலருக்கு விற்றது' என்று வரும். படிக்கிறவர் தலை சுற்றிப்போகும். இன்னொரு பக்கம், 1980-களின் பின்பாதியிலும் 90-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் அட்டைகளை மலைமலையாக அச்சடித்துத் தள்ளினார்கள். அந்தக் காலத்து அட்டைகளில் 10 வாங்கியவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் பெரிய விலை இல்லை. எண்ணையும் பெறுமானத்தையும் ஒன்றாகக் காட்டுகிற சொல் நமக்கு ஆகாது.

ஐயா, உங்கள் ஊர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நினைத்துப் பாருங்கள். தாள் மக்கியதையும் அட்டை பிய்ந்ததையும் அவர் தள்ளிவைத்திருந்தால், 1994 முதல் அவர் பெயரில் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமே அமைந்திருக்காது.

> பள்ளத்தூர் அண்ணன்: "தங்கத்துக்கு மாற்று என்கிறோமே, அதை எடுத்தால் என்ன? ஒன்பது மாற்று அட்டை, மாற்றுரைத்த அட்டை. பத்தரை மாற்றுத் தங்கம் தெரியாத தமிழர் உண்டா?"

அண்ணே, கேட்டவுடன் எனக்கும் பிடித்துப்போயிற்று. உரைகல்லில் உரைத்துப் பார்க்கிற பழக்கம் நம் பக்கத்து வீடுகளுக்குப் பழகியது. 'உரைத்த அட்டை', 'உரையாத அட்டை' என்று சொல்லும்போதே நாவில் நன்றாக உருள்கிறது. ஆனால் பொன்னில் மாற்று ஏற ஏற விலையும் அதே அளவில் ஏறும். அட்டையில் அப்படி இல்லை. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்குப் போனது. அதன் எண் 9. இன்னொரு பிரதி 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அதன் எண் 9.5. இடையில் சந்தையும் மாறியிருக்கும், எண் கொடுத்த நிறுவனமும் வேறு, இருந்தாலும் அரை எண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல்! எந்தப் பொன்னிலும் இது நடக்காது.

பொன்னை யார் உரைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாற்றுதான் வரும். அட்டைக்குக் கொடுக்கிற எண்ணோ ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு. பி.எஸ்.ஏ. முதன்முதலில் எண் கொடுத்ததே ஒரு வாக்னர் அட்டைக்குத்தான், கொடுத்தது 8. அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று அதை விற்ற ஏல வணிகர் 2013-ல் ஒப்புக்கொண்டார். 'மாற்று' என்றால் இப்படிப்பட்ட இடத்திலும் உரைகல்லின் உறுதி தொனிக்கும். வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். தவிர, ஒரே படத்தை வேறு நிறத்தில் அச்சிட்டு வரும் 'பேரலல்' அட்டைக்கு 'மாற்று' என்ற சொல் நமக்குத் தேவைப்படலாம். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

என் முன்மொழிவு 'மேனி'. கிரேடு என்பது மேனியெண். கிரேடிங் என்பது மேனி பார்த்தல். அதைச் செய்கிற நிறுவனம் மேனி நோக்ககம். பிளாஸ்டிக்கில் அடைபட்டது பேழை அட்டை. 'மேனி 2, விலை 72.5 லட்சம் டாலர்' என்று எழுதிப் பாருங்கள், முரண் எதுவும் இல்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய இனாமல் தூக்கு வாங்கப் போனால் அது எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் காலத்தது என்று தனியாகக் கேட்கிறோம். விளிம்பில் இனாமல் பெயர்ந்திருக்கிறதா என்று தனியாகத் தடவிப் பார்க்கிறோம். அட்டையிலும் அந்த இரண்டு கேள்வியும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

சொல் சரியாக அமைந்தால் குறைந்த பணத்தில் வாங்குவது எப்படி என்பதும் எளிதாகச் சொல்ல வருகிறது. இளைஞர்கள் சிலர் தனிமடலில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். முதலில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீரர், அல்லது ஓர் அணி, அல்லது ஒரு தொகுதி. பிரிக்காத பாக்கெட்டை வாங்கி அதிர்ஷ்டம் பார்க்காமல், வேண்டிய அட்டையை ஒற்றையாக விலைக்கு வாங்குங்கள். பாக்கெட்டில் வருகிற பெரும்பாலான அட்டைகள் கொடுத்த காசுக்குத் தேறாது. பிறகு அந்த வீரரின் அட்டையில் மேனி 9, 10-ஐ விட்டுவிட்டு 5, 6 எவ்வளவு என்று பாருங்கள். மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். அலமாரியில் வைத்துப் பார்க்க அதே முகம், அதே அச்சு. நான் மூலையை விட்டுக்கொடுப்பேன். படம் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தாலோ நடுவில் மடிப்பு விழுந்திருந்தாலோ விட்டுக்கொடுக்க மாட்டேன். இது என் ருசி. நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் வாங்குவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

பேழை இல்லாமல் வாங்கும்போது விற்பவரிடம் விளக்கொளியில் அட்டையைச் சாய்த்து எடுத்த படம் கேளுங்கள். கீறல் அப்போதுதான் தெரியும். அளவையும் கேளுங்கள். இன்றைய அட்டைகள் பெரும்பாலும் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கலாம். பேழையோடு வாங்கினால் மேனி பார்த்தது யார் என்று பாருங்கள். ஊர் பேர் தெரியாத நிறுவனம் போட்ட 10-க்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கிரிக்கெட் விரும்பிகளுக்கு ஒன்று. இங்கிலாந்தில் பிளேயர்ஸ் சிகரெட்டோடு 1938-ல் வந்த ஐம்பது கிரிக்கெட் வீரர் அட்டைகளில் பிராட்மேனும் உண்டு. பேழைக்குள் போகாத அட்டைகளாகப் பார்த்தால், அந்தத் தொகுதியின் சாதாரணப் பெயர்கள் இன்றும் சில பவுண்டுகளுக்கே கிடைக்கின்றன. ஆனால் தபால் செலவு அட்டை விலையைத் தாண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைப்பது நல்லது. நம் ஊரில் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த அட்டைகளை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ரப்பர் பேண்டு போட்டுக் கால்சட்டைப் பையில் சுமந்து திரிந்த அட்டைகள் அவை. அவற்றை அமெரிக்காவுக்கு அனுப்பி மேனி பார்க்கச் செலவழிக்க வேண்டாம். தொகுதியை நிறைவு செய்யுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

*

> "என் முன்மொழிவு 'மேனி'."

தம்பிக்கு, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். 'மேனி' என்றதும் எனக்குச் சோப்பு விளம்பரம்தான் நினைவுக்கு வந்தது. பொன்மேனி, திருமேனி என்று வர்ணனைக்குப் பழகின சொல் வணிகத்துக்கு ஒத்துவருமா என்று தயங்கினேன். பிறகு வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது என் வாயிலேயே வந்தது: 'வச்சது வச்ச மேனிக்கு இருக்கு.' நாம் தினமும் சொல்வதுதான். இருந்த மேனிக்கு, போட்ட மேனிக்கு. இருக்கிற நிலையைத்தானே அங்கே மேனி என்கிறோம்? ஆகவே என் தடையை எடுத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று: மேனி பார்க்க அனுப்பாமல் விற்கிற அட்டையை 'மேனி பார்க்காத அட்டை' என்று குறை சொல்வதுபோல் எழுதுவானேன்? 'இருந்தமேனி அட்டை' என்று எழுதுங்கள். விற்கிறவர் இருந்த மேனிக்குத் தருகிறார், வாங்குகிறவர் பார்த்து எடுத்துக்கொள்கிறார். 'நோக்ககம்' மட்டும் எனக்கு வானாராய்ச்சிக் கூடம் போல இருக்கிறது. 'மேனி பார்க்கும் நிறுவனம்' என்றே விட்டால் என்ன?

*

ஆச்சி, 'இருந்தமேனி அட்டை' நான் தேடிக்கொண்டிருந்த சொல். என் மடலில் 'பேழைக்குள் போகாத' என்று சுற்றி வளைத்த இடத்தில் இதையே போட்டுக்கொள்கிறேன். நோக்ககத்தை எடுத்துவிட்டேன்.

இன்று இரவு பட்டியலில் ஏற்றப்போவது: மேனியெண், மேனி பார்த்தல், பேழை அட்டை, இருந்தமேனி அட்டை. கோட்டையூர் ஐயா 'தரம்' வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருந்தால், அதை அடைப்புக்குள் இணைச்சொல்லாகச் சேர்க்கலாம். ஐயா ஒரு வரி எழுதினால் போதும். பள்ளத்தூர் அண்ணன் 'பேரலல்' அட்டைக்கு 'மாற்று' பொருந்துமா என்று தனி இழை தொடங்குங்கள். ஒரே அட்டையில் பத்து நிறம் வருகிற இந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளின் பணம் அதிகம் கரைவது அதில்தான்.