ஆன்டனின் அம்மாவுக்குக் கிடைத்தது இடமா, வேலையா?

தாழ்வாரம்:
சிறார் நூல்கள் இழையில் பென்சில்முனை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எரிக் கெஸ்ட்னரின் ‘பூங்க்ட்சென்னும் ஆன்டனும்’ நாவலைச் சொல்லி, நட்பு வந்துவிட்டால் ஏழை பணக்காரன் என்ற கோடே அழிந்துவிடும், அதற்கு இந்த நூலே சாட்சி என்று முடித்திருந்தார்.

எங்கே அழிந்தது? படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1931இல் வந்த ஜெர்மன் நாவல், பெர்லினில் நடக்கிறது. பூங்க்ட்சென் கைத்தடித் தொழிற்சாலை இயக்குநரின் மகள். அப்பா அம்மா வெளியே போன இரவுகளில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண், கிழிந்த உடுப்பு மாட்டிவிட்டு ஒரு பாலத்துக்குக் கூட்டிப்போய்த் தீப்பெட்டி விற்க வைக்கிறாள். காசு அந்தப் பெண்ணின் காதலனுக்கு. அதே பாலத்தில் ஆன்டன் ஷூ லேஸ் விற்கிறான், உடம்பு முடியாத அம்மாவுக்காக. இருவரும் நண்பர்கள். கடைசியில் அந்தப் பெண் போய், அவள் இடத்துக்கு ஆன்டனின் அம்மா வருகிறார். நண்பனின் அம்மா நம் வீட்டு வேலைக்காரி. கோடு அழிந்ததாம்!

பென்சில்முனை:
‘வேலைக்காரி’ உங்கள் சொல். பெற்றோர் கவனிக்காமல் விட்ட ஒரு குழந்தையைப் பொறுப்போடு வளர்க்க வருகிறார் அவர். மகனோடு அந்த வீட்டிலேயே குடியேறுகிறார். இதில் என்ன இழிவு?

நட்பு எங்கே என்று கேட்டால், பள்ளிக் காட்சியைப் படியுங்கள். இரவெல்லாம் பாலத்தில் நின்றதால் ஆன்டன் வகுப்பில் தூங்கிவிடுகிறான். ஆசிரியர் ப்ரெம்சர் வீட்டுக்குக் கடிதம் எழுதப் போகிறார். பூங்க்ட்சென் தனியாக அவரைப் போய்ப் பார்க்கிறாள். அம்மா நோயாளி, சமைப்பதும் சம்பாதிப்பதும் அவன்தான் என்று சொல்லிவிட்டு, நான் வந்தது அவனுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறாள். நண்பனின் மானத்தைக் காப்பாற்றத் தெரிந்த பிள்ளை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தாழ்வாரம்:
அந்தக் காட்சியை நான் எங்கே குறை சொன்னேன்? நூலிலேயே எனக்குப் பிடித்த இடம் அது. நான் கேட்டது அம்மாவின் வேலையைப் பற்றி. அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

பாலத்தில் இருவரும் சமம். அவளும் விற்கிறாள், அவனும் விற்கிறான். வீட்டுக்குள் வந்த பிறகு? அவளுடைய அப்பா சம்பளம் கொடுக்கிறார், அவனுடைய அம்மா வாங்குகிறார். நாளைக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை வந்தால் ஆன்டன் வாய் திறப்பானா? திறந்தால் போவது அம்மாவின் வேலை.

வெண்கலமணி:
காலத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் தாழ்வாரம். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலை இல்லாதவர்கள் மட்டும் 60 லட்சம் பேர். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் வேலை என்பது உயிர். சும்மா பணம் கொடுத்திருந்தால் பிச்சை போட்டார் என்று இதே இழையில் எழுதியிருப்பீர்கள்.

கெஸ்ட்னரின் அம்மா மகனைப் படிக்கவைக்க முப்பது வயதுக்கு மேல் முடிதிருத்தம் கற்றுக்கொண்டவர். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்த் தலை அலங்காரம் செய்து சம்பாதித்தார். அடுத்தவர் வீட்டில் வேலை செய்வது கேவலம் என்று அவருடைய பிள்ளை எழுதுவாரா?

தாழ்வாரம்:
கேவலம் என்று நான் சொல்லவே இல்லை, ஒரு தடவைகூட. தலை அலங்காரம் செய்துவிட்டு அந்த அம்மா தன் வீட்டுக்குத் திரும்பினார், தன் கதவைச் சாத்திக்கொண்டார். ஆன்டனின் அம்மாவுக்கு அந்தக் கதவு போய்விட்டது. வேலையும் குடியிருப்பும் ஒரே ஆளின் கையில். இதைத்தான் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கடைசிபெஞ்சு:
நடுவில் ஒன்று. அது ‘புங்க்ட்சென்’ இல்லையா? ‘சின்னப் புள்ளி’ என்று அர்த்தம் வரும் செல்லப்பெயர்தான். குள்ளமாக இருந்ததால் வைத்தது, உண்மையான பெயர் லூயிசே. தமிழில் ‘புள்ளிக்குட்டி’ என்று எழுதினால் பிள்ளைகள் வாயில் நிற்கும்.

பென்சில்முனை:
புள்ளிக்குட்டியா? ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது. பெயரைப் பெயராக விடுங்கள்.

கடைசிபெஞ்சு:
போன மாதம் மொழிபெயர்ப்பு இழையில் எல்லாப் பெயரையும் தமிழாக்க வேண்டும் என்று என்னோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றது நீங்கள்தான் பென்சில்முனை. இப்போது நான் சொன்னால் மட்டும் ஆட்டுக்குட்டி.

பென்சில்முனை:
அது விலங்குக் கதை. அதைக் கொண்டுவந்து இங்கே போடாதீர்கள்.

வெண்கலமணி:
இரண்டு பேரும் வேறு இழைக்குப் போங்கள். 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது கெஸ்ட்னரின் நூல்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். அப்படிப்பட்டவர் பணக்காரனுக்குச் சாமரம் வீசினார் என்று சொல்ல நெஞ்சு எப்படி வருகிறது?

தாழ்வாரம்:
புத்தகத்தை எரித்ததால் அதன் முடிவு சரியாகிவிடுமா? அவர்மேல் எனக்கு உங்களைவிடக் குறைந்த மரியாதை இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னாலும் தனியாகச் சில பத்திகள் எழுதி வாசகப் பிள்ளையோடு பேசுகிறாரே, கடைசிப் பகுதியில் என்ன சொல்கிறார்? கதையில் எல்லாம் நியாயமாக முடிந்ததால் வாழ்க்கையிலும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள் என்கிறார். எழுதியவருக்கே அந்த முடிவு உறுத்தியிருக்கிறது. பென்சில்முனைக்கு உறுத்தவில்லை.

பென்சில்முனை:
அந்தப் பகுதி உங்களுக்கு எதிரானது! முடிவு நியாயமானது, வாழ்க்கைதான் இன்னும் அப்படி இல்லை என்கிறார். முடிவு தவறு என்று எங்கே சொன்னார்? பாதியை எடுத்து மீதியை விழுங்குவது உங்கள் பழைய பழக்கம்.

தாழ்வாரம்:
பழக்கத்தைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். என் கேள்வியை ஒருமுறையாவது நேராக எடுங்கள்.

அந்த வீட்டில் கொள்ளை நடக்காமல் காத்தது யார்? ஆன்டன். திருடன் வருகிறான் என்று தொலைபேசியில் சமையல்கார பெர்த்தாவிடம் சொன்னவன் அவன்தான். அந்த அம்மாள் திருடனை அடித்து வீழ்த்தினார். இவ்வளவு செய்த பிள்ளைக்கு நன்றியாக அந்தப் பணக்காரர் யோசித்தது என்ன? உன் அம்மா என் மகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பூங்க்ட்சென்னின் அம்மா ஆன்டனைப் பார்த்துக்கொள்வதாக ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

வெண்கலமணி:
அந்த அம்மா தன் மகளையே பார்க்காதவர், விருந்துக்கும் நாடகத்துக்கும் போகிறவர். அவரிடம் ஆன்டனை விடச் சொல்கிறீர்களா? கதையைப் படித்தீர்களா இல்லையா?

தாழ்வாரம்:
இரண்டு முறை படித்தேன், என் மகளுக்கு வாய்விட்டு ஒருமுறை. முடித்ததும் அவள் கேட்டது, “அப்படியென்றால் ஆன்டன் இனிமேல் அவளோடு சண்டை போடவே முடியாதா அப்பா?” அவளுக்கு ஒன்பது வயது. உங்கள் மூன்று பேரில் ஒருவராவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

பென்சில்முனை:
குழந்தையை முன்னால் நிறுத்தி வாதம் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். சண்டை போடுவான், தாராளமாகப் போடுவான். அதுதான் நட்பு.

தாழ்வாரம்:
சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

கடைசிபெஞ்சு:
உச்சரிப்பை ஒருவரும் சொல்லவில்லை. பூவா, புவா?