எல்லாம் இருந்தும் நாட்கள் வெறுமையாகக் கழிவது ஏன்?

கேள்வி:
வேலை, குடும்பம், உடல்நலம் எதிலும் பெரிய குறை இல்லை. ஆயினும் மாலையில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே, “இன்று எதற்காக இவ்வளவு ஓடினோம்?” என்ற எண்ணம் எழுந்து மனத்தை அழுத்துகிறது. இந்நிலையைக் கடந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1:
கிடைத்த எதற்கும் மனம் விரைவில் பழகிவிடும் என்பதை உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பெல்லும் 1971இலேயே விளக்கினார்கள். ஆகவே குறை இல்லாதிருப்பது மட்டுமே நிறைவைத் தந்துவிடாது. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், நாம் ஆற்றும் பணி, நாம் கொள்ளும் அன்பு, தவிர்க்க முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதம் ஆகியவற்றின் வழியாக வாழ்வின் பொருளைக் கண்டடையலாம் என்றார். இவற்றுள் அன்புதான் அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமானது என்பது என் கருத்து. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளை தன் வகுப்பில் நடந்த சண்டையை விவரிப்பதை முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள்.

பதில் 2:
மனம் தெளியட்டும் என்று காத்திருக்காமல், முன்பு விரும்பிச் செய்த ஏதேனும் ஒன்றை நேரம் குறித்துத் தொடங்குங்கள். செயல் முன்னே சென்றால் மனநிலை பின்தொடரும் என்ற அடிப்படையிலேயே மனச்சோர்வுக்கான சிகிச்சை முறை ஒன்றும் அமைந்துள்ளது.

பதில் 3:
நண்பரே, இந்த வெறுமை பெரும்பாலான நேரமும் இருந்து, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.