நிக்கல்பேக் பிடிக்கும் என்றால் ஏன் சிரிக்கிறார்கள்? அது பாப் இசையா, ராக் இசையா?

நாமக்கல்_கால்கரி எழுதியது:

வணக்கம். இசை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எனக்கு இசை தெரியாது, லாரி தெரியும்.

சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அப்பா பட்டறையில் லாரிக்கு பாடி கட்டியவர். நான் 2008இல் கனடா வந்தேன். இப்போது கால்கரியிலிருந்து சாஸ்கட்டூனுக்குக் குளிர்பெட்டி வண்டி ஓட்டுகிறேன். ஒரு நடைக்குச் சுமார் 600 கிலோமீட்டர். டிரம்ஹெல்லர் தாண்டிவிட்டால் பார்க்க ஒன்றும் கிடையாது. எண்ணெய் இறைக்கிற பம்புகள் மட்டும் அங்கங்கே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். நாமக்கல்காரன் கண்ணுக்கு அது கோழி தீவனம் கொத்துகிற மாதிரிதான் தெரியும்.

அந்த வழியில் ஹானா என்று ஒரு சின்ன ஊர். மூவாயிரம் பேர்கூட இல்லை. நிக்கல்பேக் என்ற இசைக்குழு 1995இல் அங்கேதான் ஆரம்பித்தது. வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. வண்டி ரேடியோவில் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் அவர்கள் பாட்டு வரும், கேட்டேன், பிடித்தது. அவ்வளவுதான்.

போன மாதம் என்னோடு வேலை பழகுவதற்கு ஒரு பையனை ஏற்றிவிட்டார்கள். இருபத்து மூன்று வயது, ரெட் டியர் ஊர்க்காரன், நல்ல பிள்ளை. வண்டி கிளம்பியதும் என் போனிலிருந்து பாட்டு ஓட ஆரம்பித்தது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "வேண்டுமென்றே போட்டீர்களா?" என்றான். "ஆமாம், பிடிக்கும்" என்றேன். பயல் சிரிக்க ஆரம்பித்தவன் பாதி வழி தாண்டி வருகிற கிண்டர்ஸ்லி ஊர் வரை நிறுத்தவில்லை. மறுநாள் யார்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் லாக்கர் கதவில் அந்தப் பாடகரின் படத்தை ஒட்டியிருந்தார்கள்.

கோபம் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் புரியவில்லை.

ஒன்று, ஐந்து கோடி ஆல்பம் விற்ற குழு என்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? நான் பார்த்தவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு, பையன் சொன்னான், "அது ராக்கே இல்லை, பாப்." ஏதோ பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னான். கித்தார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, தொண்டை கிழியப் பாடுகிறார். அப்புறம் எப்படி அது பாப்? பாப் என்றால் என்னதான் சொல்கிறார்கள்?

---

ராஜாவின்_ரசிகன்:

இளையராஜா கேளுங்கள். மற்றதெல்லாம் இரைச்சல்.

---

நாமக்கல்_கால்கரி:

அதையும்தான் கேட்கிறேன் அண்ணே. ராத்திரி வண்டிக்கு அவர், பகல் வண்டிக்கு இவர்கள்.

---

வடபழனி மிக்ஸர்:

தலைவரே, நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். எனக்கும் அந்தக் குழுவைப் பிடிக்காது. ஆனால் அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் இல்லையா?

முதல் காரணம் உங்கள் ஊர் ரேடியோதான். கனடாவில் வானொலிகள் இவ்வளவு விழுக்காடு உள்நாட்டுப் பாட்டு போட்டே தீரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1971இல் 30 என்று தொடங்கி, 1999இல் 35 ஆக்கினார்கள். அந்த நேரத்தில் தயாராகக் கையில் இருந்தது இந்தக் குழு. ஸ்டேஷன்காரனுக்குக் கணக்கு நேராக வேண்டும், அடித்து ஓட்டினான். 2001இல் 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' வந்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வானொலிகளில் அதிகம் ஒலிபரப்பான பாட்டு அதுதான். ரசத்தை ஆறு மாசம் மூன்று வேளையும் ஊற்றினால் ரசத்தின் மேல் கோபம் வருமா, வராதா?

இரண்டாவது, அவர்கள் பாட்டு அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இது அவதூறு இல்லை, சோதித்தே காட்டினார்கள். உங்கள் ஆல்பெர்ட்டா மாகாணத்து மாணவர் ஒருவர் மேலே சொன்ன பாட்டை ஒரு ஸ்பீக்கரிலும், 2003இல் வந்த 'சம்டே' பாட்டை இன்னொரு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும். அடங்கி ஆரம்பிப்பது, எகிறும் இடம், மறுபடி அடங்கும் இடம், எல்லாம் ஒரே வினாடியில். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நம் ஊரில் எத்தனை இசையமைப்பாளர்களுக்கு இந்தச் சோதனை வைக்கலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நாளைக்கு வேலை இருக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். அவர்கள் பாட்டை வெளியிட்டது ரோட்ரன்னர் என்ற கம்பெனி. மெட்டல், அதாவது ராக்கிலேயே ரொம்பக் கனமான வகை, வாசிக்கிற குழுக்களுக்குப் பேர்போனது. அந்த மெட்டல் ரசிகர் கூட்டம் இவர்களைத் தங்கள் தெருவுக்குள் வந்த அசலூர்க்காரனாகப் பார்த்தது. 2002இல் போர்ச்சுகலில் ஒரு விழாவில் மேடை ஏறியவுடன் கல்லடி. இரண்டு பாட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார்கள்.

ஃபின்லாந்தில் ஆய்வாளர் ஒருவர் 2000 முதல் 2014 வரை அந்த நாட்டு ஊடகங்களில் இவர்களைப் பற்றி வந்த விமர்சனங்களைப் புரட்டிக் கட்டுரையே எழுதினார். ராக் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்ற விதியை ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், அதனால் போலி. போதுமான அளவு கடைப்பிடிக்கவில்லை, அதனால் வியாபாரி. இரண்டு குற்றச்சாட்டும் ஒரே குழுவின் மேல்! மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த கூத்து. 2011 நவம்பரில் அங்கே நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளையில் இவர்கள் பாடக்கூடாது என்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். "எங்கள் இசை நகரத்தில் இவர்களா?" என்று கேள்வி. அந்த நகரத்தின் பெருமை எது? மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. அதைத் தொடங்கிய பெரி கார்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கார் மாதிரியே பாட்டையும் வரிசையில் வைத்து உருவாக்கினார். வாரம் ஒருநாள் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் போடுவார். கையில் கடைசி டாலர் இருந்தால் இந்த ரெக்கார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா என்று அங்கே கேள்வி வரும். அச்சில் வார்த்த பாட்டால் பேர் வாங்கிய ஊர், அச்சில் வார்த்த பாட்டு வேண்டாம் என்கிறது. (மோட்டவுன் பாட்டு எனக்கு உயிர். அது வேறு.)

பாப் இசையா, ராக் இசையா என்பதற்கு என் தொழில்முறைப் பதில்: மிக்ஸைப் பாருங்கள், அதாவது குரலையும் வாத்தியங்களையும் எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்று. குரல் எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தால், முதல் ஒரு நிமிஷத்துக்குள் பல்லவி வந்துவிட்டால், மேலே எத்தனை கித்தாரைக் கொட்டினாலும் அது பாப். குரல் கித்தாருக்குள் புதைந்திருந்தால் ராக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் உங்கள் பையன் சொன்னது சரி. ஆனால் அதைத் திட்டாகச் சொன்னான் பாருங்கள், அதுதான் தப்பு.

---

ஆனைக்கோட்டை அன்ரி:

தம்பி, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். அந்தக் குழுவின் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பொப் என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்களுக்குப் பொப் என்றால் வேறு. 1970களில் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பாடியதைத்தான் நாங்கள் பொப்பிசை என்று சொன்னோம். சினிமாவில் வராத பாட்டு. சிங்கள பைலாவின் துள்ளல், கையில் ஒரு கித்தார், பேச்சுத் தமிழ். 'சின்ன மாமியே' தெரியாத பிள்ளை அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இல்லை.

என்ர அப்பா மிருதங்கம் படிப்பித்தவர். அந்தப் பாட்டு றேடியோவில் தொடங்கினால் எழும்பிப் போய் நிறுத்துவார். "இது பாட்டில்லை, கூத்து" என்பார். (கூத்து என்ன குறைந்ததா என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.) நான் கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டு றேடியோவில் கேட்பேன். எங்கள் அக்காவின் கலியாணத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்தபிறகு பெடியள் கித்தாரோடு 'சுராங்கனி' தொடங்கினார்கள். அப்பா எழும்பி நின்றார். எல்லோரும் பயந்துபோனோம். அவர் போய், தாளம் பிழைக்கிறது என்று சொல்லி, கதிரையில் தட்டிக் காட்டிவிட்டு வந்து இருந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பிழையான தாளம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது அஞ்சலி எழுதியவர்கள் எல்லோரும் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லை ஒருவரும் ஏளனமாகச் சொல்லவில்லை. உங்களுடைய பையன் பொப் என்று சிரித்தான், நாங்கள் பொப் என்று பட்டம் கொடுத்தோம். இடத்துக்கு இடம் சொல் மாறும்.

---

வடபழனி மிக்ஸர்:

அக்கா சொல்வது முக்கியம். தமிழ்நாட்டில் இன்னும் விசித்திரம். ஊருக்கே தெரிந்த பாட்டு எது? சினிமாப் பாட்டு. அதை யாரும் பாப் என்று சொல்வதில்லை. சினிமாவுக்கு வெளியே நாலு பேர் சேர்ந்து போட்டு, நாற்பது பேர் கேட்கிற பாட்டுக்குத்தான் இங்கே பாப் ஆல்பம் என்று பேர். நான் சின்ன வயதில் வேலை பார்த்த கேசட் கடையில் 'வெஸ்டர்ன்' என்று ஒரே ஒரு தட்டு. போனி எம், ஆபா, அயர்ன் மெய்டன் மூன்றும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். சண்டையே கிடையாது.

---

ஸ்டாக்ஹோம் செல்வி:

ஆபா பெயர் வந்ததால் நானும் ஒரு வார்த்தை. இங்கே ஸ்வீடனில் இன்று ஆபாவைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். 2013இலிருந்து அவர்களுக்கு ஒரு காட்சியகமே இருக்கிறது. ஆனால் அவர்கள் ஜெயித்த காலத்தில் கதை வேறு. 1974இல் பிரைட்டனில் 'வாட்டர்லூ' பாடி யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை வென்றார்கள். அதனால் அடுத்த வருஷம் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தது. வந்ததும் இடதுசாரி இசைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். பணத்துக்காகப் பாடுவது இசை இல்லை என்று போட்டியாக ஒரு மாற்று விழாவே நடத்தினார்கள். 1976இல் ஸ்வீடன் யூரோவிஷனில் கலந்துகொள்ளவே இல்லை.

என் மாடிவீட்டு அம்மா அந்த ஊர்வலத்தில் போனவர். எழுபது தாண்டிவிட்டது. போன கோடையில் பேத்தியை ஆபா காட்சியகத்துக்கு அழைத்துப் போய்விட்டு வந்தார். "எப்படி இருந்தது?" என்றேன். "டிக்கெட் விலை அதிகம். நாங்கள் அன்றைக்கே சொன்னோம்" என்றார்.

---

நாமக்கல்_கால்கரி:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு நடை போய் வந்தேன், அதனால் தாமதம்.

மிக்ஸர் அண்ணன் சொன்ன குரல் விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், கேட்டால் புரியாது. வண்டிகளை அனுப்புகிற டிஸ்பாட்சர் போனில் பேசினால் பாதி காற்றில் போகும். "திரும்பச் சொல்லுங்கள்" என்று எத்தனை தடவை கேட்பது? இந்தப் பாடகர் கத்தினாலும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் போடுவார். ஒரே பாட்டு நாளைக்கு நாலு தடவை வரும். முதல் தடவை தவறவிட்ட சொல் மூன்றாவது தடவை பிடிபடும். அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டிக்குள் கூடவே கத்திக்கொண்டு போனேன். மார்ச் மாதம் டிஸ்பாட்சர் சொன்னது எல்லாம் புரிந்தது. அவர் அவ்வளவு நாளும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் என்பதும் புரிந்தது.

பையனிடமும் கேட்டேன். ஹானாவில் காப்பிக்கு நிறுத்தியபோது, "நிஜமாகச் சொல், உனக்கு ஏன் பிடிக்காது?" என்றேன். முதலில் இணையத்தில் எல்லாரும் சொல்கிற காரணங்களைச் சொன்னான். இளவரசர் எட்வர்ட் தீவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவோம் என்று 2016இல் ஒரு போலீஸ்காரர் மிரட்டியதையும், அப்புறம் அவரே மன்னிப்புக் கேட்டதையும் சொல்லிச் சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் பள்ளிக்கூட பஸ் டிரைவருக்கு இந்தக் குழுதான் பிடிக்குமாம். காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம், நாலு வருஷம். பின் சீட்டில் இரண்டு பெரிய பையன்கள் தினமும் இவன் தொப்பியைப் பிடுங்குவார்களாம். "அந்தப் பாட்டு வந்தால் இன்றைக்கும் தொப்பி இல்லாத காது சில்லிடுகிறது" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வேலை பார்த்த பட்டறையில் முதலாளி ஒரு சினிமாப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். கூலி கேட்க அப்பா தயங்கி நிற்கும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும். ஊரே கொண்டாடுகிற பாட்டு. எந்தப் பாட்டு என்று இங்கே எழுதினால் ராஜா ரசிகர் அண்ணன் என்னை விடமாட்டார். இன்றைக்கும் வந்தால் அணைத்துவிடுவேன்.

இப்போது ஓர் ஒப்பந்தம். அவன் ஓட்டும்போது அவன் பாட்டு, நான் ஓட்டும்போது இளையராஜா. நிக்கல்பேக் நான் தனியாகப் போகும் நடைக்கு மட்டும். அவன் பாட்டில் இதுவரை ஒரு சொல் எனக்குப் புரியவில்லை, குரல் நன்றாகவே புதைந்திருக்கிறது. ஆக அது ராக்காகத்தான் இருக்கவேண்டும்.

மிக்ஸர் அண்ணே, அந்த இரண்டு பாட்டுச் சோதனையைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். வண்டியில் வலதுபக்க ஸ்பீக்கர் கரகரவென்கிறது. கோளாறு வயரிலா, ஸ்பீக்கரின் கூம்பிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?